மணல் ஏற்றிய பெட்டி ஏன் எழவில்லை?

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் இடைநிலைப்பள்ளியின் அறிவியல் கண்காட்சிக்குச் சென்றிருந்தேன். மூன்றாம் படிவ மாணவர்கள் நால்வர் வானலையால் இயங்கும் மணல் லாரி ஒன்றைச் செய்து வைத்திருந்தனர். அதன் உடல் அட்டையாலும் ஐஸ்கிரீம் குச்சிகளாலும் ஆனது. சக்கரங்கள் பழைய பொம்மைக் காரிலிருந்து எடுக்கப்பட்டவை. லாரி முன்னே சென்றது, பின்னே வந்தது, வளைந்து திரும்பியது. சுற்றிலும் கூட்டம் சேர்ந்தது. கடைசியாகப் பெட்டியில் மணலை நிரப்பி, அதைத் தூக்கிக் கொட்டுவதற்கான பிடியைத் தள்ளினர். பெட்டிக்கு அடியிலிருந்து 'கிர்ர்' என்ற ஓசை வந்தது. பெட்டி அசையவில்லை. மணலைக் கையால் அள்ளி வெளியே எடுத்துவிட்டு மீண்டும் முயன்றனர். வெறும் பெட்டி அழகாக எழுந்து நின்றது.

"பெரியது வாங்கக் காசு இல்லை, டீச்சர்" என்றான் அவர்களுள் ஒருவன். கடையில் ஆயத்தமாக விற்கப்படும் நேர்கோட்டு இயக்கியின் விலையை அவர்கள் விசாரித்திருந்தனர். சிறிய அளவில் நல்லதாக ஒன்று வாங்கினாலே நூறு ரிங்கிட்டைத் தாண்டும். முழு லாரிக்கும் அவர்கள் அவ்வளவு செலவிடவில்லை.

அந்த மாணவர்களின் கேள்வி, மாதிரி வண்டிகள் செய்யும் எல்லாருக்கும் உரியது. மோட்டார் சுழல்கிறது. நமக்கோ நேராகத் தள்ளவும் இழுக்கவும் தூக்கவும் வேண்டியிருக்கிறது. பாரந்தூக்கியின் முள்கரம் மேலே போக வேண்டும். தீயணைப்பு வண்டியின் ஏணி நீள வேண்டும். மண்வாரி எந்திரத்தின் கை மடங்க வேண்டும். சுழற்சியைக் குறைந்த செலவில் நேர்கோட்டு அசைவாக மாற்றுவது எப்படி?

இது புதிய சிக்கல் அன்று. நீராவி எந்திரத்தை மேம்படுத்திய ஜேம்ஸ் வாட் இதே சிக்கலில் உழன்றவர். அவருடைய எந்திரத்தில் உந்துதண்டு நேராக மேலும் கீழும் போனது. அது தள்ள வேண்டிய பெரிய சட்டத்தின் முனையோ வட்ட வில்லில் ஆடியது. இரண்டையும் இணைக்க அவர் 1784-இல் சில கம்பிகளை மட்டும் கீல்களால் கோத்து ஓர் அமைப்பைக் காப்புரிமை செய்தார். அதன் ஒரு புள்ளி ஏறத்தாழ நேர்கோட்டில் நகரும். தம் கண்டுபிடிப்புகளுள் தாம் அதிகம் பெருமைப்படுவது இதைப் பற்றித்தான் என்று வாட் முதுமையில் கூறியிருக்கிறார். நீராவி எந்திரத்தைவிடவா என்று நமக்கு வியப்பாக இருக்கும். ஒரு மாதிரி வண்டியில் இதைச் செய்து பார்த்தவர்களுக்கு அவ்வளவு வியப்பு இருக்காது.

பாகங்களைத் தேடி அலைவதற்கு முன் மூன்று கேள்விகளுக்கு விடை வேண்டும். எவ்வளவு தூரம் நகர வேண்டும்? எவ்வளவு விசை வேண்டும்? எவ்வளவு வேகம் வேண்டும்? பலர் இவற்றைக் கேட்காமலேயே கடைக்குப் போகின்றனர். அந்த நால்வரும் அப்படித்தான் போயிருந்தனர்.

அவர்களுடைய லாரியையே எடுத்துக்கொள்வோம். பெட்டியின் நீளம் 16 செண்டிமீட்டர். மணலோடு சேர்த்து எடை 300 கிராம். பெட்டி பின்புறக் கீலில் திரும்புகிறது. மணல் சமமாகப் பரவியிருந்தால், எடை முழுவதும் நடுவில், அதாவது கீலிலிருந்து 8 செ.மீ. தொலைவில் இருப்பதாகக் கொள்ளலாம். 0.3 கிலோவை 8-ஆல் பெருக்கினால் 2.4 வருகிறது. தள்ளும் கம்பியை அவர்கள் கீலிலிருந்து 4 செ.மீ. தொலைவில் பொருத்தியிருந்தனர். 2.4-ஐ 4-ஆல் வகுத்தால் 0.6. ஆகவே கம்பி செங்குத்தாகத் தள்ளினால் 0.6 கிலோ எடைக்குச் சமமான விசை போதும். (அறிவியல் பாடத்தில் விசையை நியூட்டனில் எழுதுகிறோம். பொழுதுபோக்கு மாதிரிகளுக்கான பாகங்களில் கிலோ என்றே அச்சிட்டிருப்பதால் இங்கும் அதையே பின்பற்றுகிறேன். ஒரு கிலோ எடை ஏறத்தாழ 10 நியூட்டன்.)

ஆனால் கம்பி செங்குத்தாக நிற்கவில்லை. பெட்டிக்கும் அடிச்சட்டத்துக்கும் இடையே இருந்த இடைவெளி மிகக் குறைவு. அந்த இடுக்கில் கம்பி படுத்துக் கிடந்தது. கம்பிக்கும் பெட்டிக்கும் இடையிலான கோணம் 30 பாகையாக இருந்தால், தேவைப்படும் விசை இரண்டு மடங்காகி 1.2 கிலோவைத் தொடும். கோணம் 15 பாகையானால் 2.3 கிலோ வேண்டும். படுத்திருக்கும் ஏணியின் ஒரு முனையைத் தரையோடு தரையாகத் தள்ளி அதை நிமிர்த்த முயன்றால் என்ன ஆகுமோ அதுதான் இங்கும் நடக்கிறது. நாம் கொடுக்கும் விசையின் பெரும்பகுதி கீலை நோக்கியே போகிறது. தூக்குவதற்குக் கொஞ்சமே மிஞ்சுகிறது. பெட்டி சற்று எழுந்துவிட்டால் கோணம் அகலும், வேலை எளிதாகும். முதல் சில மில்லிமீட்டர்தான் கடினம்.

அவர்கள் பயன்படுத்தியது 9 கிராம் எடையுள்ள சிறிய சர்வோ மோட்டார். அது பத்து ரிங்கிட்டுக்குள் கிடைக்கும். சர்வோ என்பது வெறும் மோட்டார் அன்று. மோட்டார், பற்சக்கரங்கள், தன் அச்சு எந்தக் கோணத்தில் இருக்கிறது என்பதை அறியும் மின்தடைப் பாகம், சிறிய மின்சுற்று ஆகியவை ஒரே கூட்டில் அடங்கியது. அதன் முறுக்குவிசை 1.8 கிலோ-செ.மீ. என்று குறிப்பிடுவார்கள். அச்சிலிருந்து 1 செ.மீ. நீளமுள்ள கை 1.8 கிலோ வரை தள்ளும், 2 செ.மீ. நீளமுள்ள கை அதில் பாதிதான் தள்ளும் என்பது அதன் பொருள். கை 90 பாகை சுழலும்போது 3 செ.மீ. தூரம் கிடைக்க வேண்டுமானால் கையின் நீளம் 2.1 செ.மீ. இருக்க வேண்டும். அப்போது நடுநிலையில் கிடைக்கும் விசை சுமார் 0.86 கிலோ. தொடக்க நிலையில் 1.2 கிலோ வரை கிடைக்கலாம். அதுவும் மோட்டார் திணறி நின்றுவிடும் எல்லையில் அளந்த விசை. அதில் பாதியை நம்புவதே நல்லது. தேவையோ 2.3 கிலோ. வெறும் பெட்டி எழுந்ததற்கும் மணல் பெட்டி எழாததற்கும் இந்தக் கணக்கே காரணம்.

இதனால் சர்வோவின் மீது குறை சொல்வதற்கில்லை. குறைந்த தூரம், குறைந்த விசை, நல்ல வேகம் என்றால் சர்வோவின் கையில் ஒரு கம்பியைக் கொளுவிவிடுவதைவிட மலிவான வழி இல்லை. மாதிரிக் கார்களின் முன்சக்கரங்களும் விமானங்களின் சுக்கான்களும் அப்படித்தான் அசைகின்றன. கம்பிக்குக் காகிதப் பிடிப்பூசியை நிமிர்த்தி வளைத்தாலே போதும். தூரமும் விசையும் ஒருசேர வேண்டும்போதுதான் அது கைகொடுப்பதில்லை.

அடுத்து, குப்பையில் கிடைக்கும் புதையல் ஒன்றைப் பார்ப்போம். பழைய மேசைக் கணினியில் இருந்த குறுவட்டு இயக்கியை நினைத்துப் பாருங்கள். பொத்தானை அழுத்தினால் தட்டு வெளியே வரும். 12 செ.மீ. விட்டமுள்ள வட்டை வெளியே கொண்டுவர வேண்டுமல்லவா? ஆகவே அந்தத் தட்டு அதற்குச் சற்றுக் கூடுதலான தூரம் நகர்கிறது. தட்டின் அடியில் நேரான பற்சட்டம் வார்க்கப்பட்டிருக்கும். சிறிய மோட்டார் ஒன்று இரப்பர்ப் பட்டையாலும் பற்சக்கரத்தாலும் அதை நகர்த்தும். பற்சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றினால் பற்சட்டம் அதன் சுற்றளவு அளவுக்கு நேராக நகரும். நீளும் ஏணிக்கோ திறந்து மூடும் கதவுக்கோ இதை அப்படியே வெட்டி எடுத்துப் பொருத்தலாம். விசை அதிகம் கிடைக்காது. சுமை கூடினால் இரப்பர்ப் பட்டை வழுக்கும். எனினும் இதன் விலை பெரும்பாலும் ஒன்றுமில்லை.

அதே இயக்கியின் உள்ளே இன்னொன்றும் இருக்கிறது. ஒளிக்கதிர்த் தலையைத் தாங்கும் சிறு வண்டி, மெருகிட்ட இரண்டு உருக்குக் கம்பிகளின்மீது வழுக்கிச் செல்லும். பல இயக்கிகளில் அதை நகர்த்துவது படிமோட்டாருடன் இணைந்த திருகுக் கம்பி. பயணத் தூரம் 4 செ.மீ.க்குச் சற்றுக் குறைவு. துல்லியம் மிக்கது, ஆனால் படிமோட்டாரை வானலை வாங்கியில் நேரடியாகச் செருக முடியாது. அதற்குத் தனி மின்சுற்று வேண்டும். ஆகவே தொடக்கநிலையில் இருப்பவர்கள் கம்பிகளையும் வண்டியையும் மட்டும் எடுத்துக்கொண்டு மோட்டாரை மாற்றுவது நல்லது. ஓர் எச்சரிக்கை: இயக்கியை மின்னிணைப்பு இல்லாதபோதே திறக்க வேண்டும். அதன் ஒளிக்கதிர்ப் பாகத்துக்கு ஒருபோதும் மின்சாரம் கொடுக்கக்கூடாது. அது கண்ணைக் கெடுக்கும்.

தூரம் மிக நீளமாக வேண்டுமா? நூலும் உருளையும் போதும். கிள்ளான் துறைமுகத்தில் கொள்கலன்களைத் தூக்கும் பாரந்தூக்கிகளைப் பார்த்திருப்பீர்கள். அவற்றைப் போன்ற ஒரு மாதிரியில், தூக்கும் வண்டி மேல்சட்டத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போக வேண்டும். மோட்டார் அச்சில் ஓர் உருளையைப் பொருத்தி, தூண்டில் நூலை அதில் சுற்றி, இரு முனைகளையும் வண்டியின் இரு பக்கமும் கட்டினால், உருளை சுழலும் திசையில் வண்டி நகரும். நூல் தளர்ந்தால் மட்டும் எல்லாம் கெட்டுவிடும். ஒரு பக்கத்தில் சிறிய சுருள்வில் வைத்து இழுத்துக் கட்ட வேண்டும். பழைய அச்சுப்பொறியில் மைப்பெட்டி ஓடும் கம்பியும் பல்பட்டையும் இதே வேலையை இன்னும் நேர்த்தியாகச் செய்யும். ஏ4 தாளின் அகலமான 21 செ.மீ.க்கும் மேல் அது நகரும்.

மருந்து புகட்டும் சிரிஞ்சுகளை வைத்துச் செய்யும் நீரழுத்த அமைப்பைப் பள்ளிக் கண்காட்சிகளில் அடிக்கடி காணலாம். இரண்டு சிரிஞ்சுகளை ஒரு குழாயால் இணைத்து நீரை நிரப்பினால், ஒன்றை அழுத்தும்போது மற்றொன்று வெளியே தள்ளும். சிறியதை அழுத்திப் பெரியதால் தூக்கினால் விசை கூடும், தூரம் குறையும். மண்வாரியின் கையில் எடை ஏற்றாமல் மோட்டாரை வண்டியின் அடியிலேயே வைத்துவிடலாம் என்பது இதன் பெரிய நன்மை. கையால் அழுத்தும்வரை இது நன்றாகவே வேலை செய்கிறது. சர்வோவைக் கொண்டு அழுத்தத் தொடங்கினால் உண்மை தெரியும். சிரிஞ்சின் இரப்பர் முனை குழலின் சுவரோடு ஒட்டிக்கொள்கிறது. அந்த உராய்வை வெல்வதிலேயே சிறிய சர்வோவின் வலு கரைந்துவிடுகிறது. உள்ளே காற்றுக் குமிழ் இருந்தால் அது பஞ்சுபோல் அமுங்கும்; தள்ளிய தூரம் மறுமுனைக்குப் போய்ச் சேராது. பார்ப்பதற்கு அழகான அமைப்பு. ஆனாலும் ஒரு மாதிரி வண்டிக்கு இதை நான் முதலில் பரிந்துரைக்க மாட்டேன்.

நான் பரிந்துரைப்பது திருகு. தொடக்கப்பள்ளியில் எளிய எந்திரங்களைப் பற்றிப் படித்திருப்பீர்கள். திருகாணி என்பது ஒரு தண்டின்மீது சுற்றப்பட்ட சாய்தளம். மலைச்சாலை வளைந்து வளைந்து ஏறுவதுபோல, நட்டு புரிகளின் வழியே சிறிது சிறிதாக ஏறுகிறது. ஒரு முழுச் சுற்றில் அது நகரும் தூரத்தைப் புரியிடைத் தூரம் என்கிறோம். வன்பொருள் கடையில் கிடைக்கும் 4 மில்லிமீட்டர் திருகுக் கம்பியில் அது வழக்கமாக 0.7 மி.மீ.; 3 மில்லிமீட்டர் கம்பியில் 0.5 மி.மீ.

வீட்டிலேயே ஓர் எடுத்துக்காட்டு இருக்கிறது. பசைக்குச்சியின் அடிப்பகுதியைத் திருகினால் பசை மேலே வருகிறது. பசை தீர்ந்த குச்சியைப் பிரித்துப் பாருங்கள். நடுவே பிளாஸ்டிக் திருகு ஒன்று நிற்கும். பசையைத் தாங்கும் கிண்ணம் அதன்மேல் ஏறி இறங்கும். மிக இலேசான சுமைக்கு இதையே மோட்டாருடன் இணைத்துப் பயன்படுத்துவோர் உண்டு.

இனி மணல் லாரிக்குக் கணக்குப் போடுவோம். நிமிடத்துக்கு 200 சுற்றுச் சுற்றும் சிறிய பற்சக்கர மோட்டார் ஒன்று. அதனுடன் 4 மில்லிமீட்டர் திருகுக் கம்பி. ஒரு நிமிடத்தில் நட்டு 140 மி.மீ. நகரும். நமக்கு வேண்டியது 30 மி.மீ. அதற்கு 13 வினாடி ஆகும். சர்வோ இதை அரை வினாடிக்குள் முடித்திருக்கும். ஆனால் விசையைப் பாருங்கள். மோட்டாரின் முறுக்குவிசை வெறும் 0.3 கிலோ-செ.மீ. என்றே வைத்துக்கொள்வோம். உராய்வே இல்லாவிட்டால் நட்டு ஏறத்தாழ 27 கிலோ விசையுடன் தள்ளும். திருகில் உராய்வு மிக அதிகம். அதில் ஐந்தில் நான்கு பங்கு வீணானாலும் 5 கிலோவுக்கு மேல் மிஞ்சும். நமது தேவை 2.3 கிலோதான். வேகத்தை விட்டுக்கொடுத்து விசையை வாங்கியிருக்கிறோம். சாலையில் போகும் உண்மையான மணல் லாரியின் பெட்டியும் மெதுவாகத்தானே எழுகிறது?

அந்த உராய்வு இன்னொரு நன்மையையும் தருகிறது. மோட்டாரை நிறுத்திவிட்டாலும் பெட்டி கீழே இறங்காது. சுமை நட்டை எவ்வளவு அழுத்தினாலும் திருகு தானாகச் சுழலாது. சர்வோவோ சுமையைத் தாங்கி நிற்கும் நேரமெல்லாம் முனகிக்கொண்டே மின்கலத்தைக் குடிக்கும்.

இதைச் செய்யும்போது மாணவர்கள் வழக்கமாக மூன்று இடங்களில் தடுமாறுகின்றனர். முதலாவது, நட்டும் கம்பியோடு சேர்ந்து சுழல்வது. நட்டு சுழலாமல் தடுக்கப்பட்டால்தான் அது நகரும். நட்டை ஒரு குழாயின் முனையில் ஒட்டி, குழாயின் மறுமுனையைப் பெட்டியோடு கீலால் இணைத்துவிட்டால் அது சுழல வழியில்லை. இரண்டாவது, மோட்டார் அச்சும் திருகுக் கம்பியும் ஒரே கோட்டில் அமையாதது. இரண்டையும் விறைப்பாக இணைத்தால் சிறு கோணலும் மோட்டாரை இறுக்கிப் பிடிக்கும். மீன்தொட்டிக்குப் பயன்படும் மென்குழாயில் ஒரு துண்டை வெட்டி இரண்டையும் அதில் செருகி, மெல்லிய கம்பியால் இறுக்கிக் கட்டினால் போதும். குழாய் சற்று வளைந்து கொடுக்கும். மூன்றாவதுதான் பலரும் கவனிக்காதது. நட்டு பெட்டியை முன்னே தள்ளும்போது திருகுக் கம்பி அதே விசையுடன் மோட்டாரைப் பின்னே தள்ளுகிறது. மோட்டாரின் மெல்லிய பற்சக்கரங்கள் அதைத் தாங்கா. கம்பியின் அடியில் ஒரு நட்டை ஒட்டி, அதற்கும் சட்டத்துக்கும் இடையே இரண்டு வாஷர்களை வைத்து எண்ணெய் விட்டால், அந்த விசையைச் சட்டமே ஏற்றுக்கொள்ளும்.

மோட்டாரை வானலையால் இயக்குவது எப்படி? வானலை வாங்கி நொடிக்குச் சுமார் 50 முறை சிறு மின்துடிப்புகளை அனுப்புகிறது. துடிப்பு ஒன்றின் நீளம் ஒன்று முதல் இரண்டு மில்லிவினாடி வரை இருக்கும். ஒன்றரை என்றால் நடுநிலை. இந்தச் செய்தி சர்வோவுக்குப் புரியும். வெறும் மோட்டாருக்குப் புரியாது. முன்னும் பின்னும் சுழலவைக்கும் சிறிய வேகக் கட்டுப்பாட்டுக் கருவியை வாங்கி இடையில் இணைக்கலாம். பற்சக்கரம் உடைந்த சர்வோ ஒன்று கையில் இருந்தால் அதுவும் வேண்டாம். அதன் மின்சுற்றை வெளியே எடுத்து, அதனுள் இருந்த மோட்டாருக்குப் பதிலாக நமது சிறிய பற்சக்கர மோட்டாரை இணைத்தால் அதுவே கட்டுப்பாட்டுக் கருவியாகிவிடும். கோணத்தை அறியும் மின்தடைப் பாகத்தை நடுநிலையில் அப்படியே விட்டுவிட வேண்டும். அந்தச் சின்னஞ்சிறு மின்சுற்று பெரிய மோட்டாரைத் தாங்காது என்பதை மட்டும் மறக்கக்கூடாது. கோலாலம்பூரில் இருப்பவர்கள் ஜாலான் பாசார் வட்டாரத்து மின்னணுப் பாகக் கடைகளில் இவற்றுள் பலவற்றையும் சில்லறையாக வாங்கலாம்.

இன்னொன்றும் தேவை. பயணத்தின் இரு முனைகளிலும் மோட்டார் தானாக நிற்க வேண்டும். நட்டு முனையைத் தொடும்போது ஒரு சிறிய சுவிட்ச் அழுந்தி மின்னோட்டத்தைத் துண்டிக்கும்படி அமைப்பார்கள். துண்டித்துவிட்டால் திரும்பி வருவது எப்படி? சுவிட்சுக்குக் குறுக்கே ஒரு டையோடை இணைத்தால், எதிர்த்திசையில் மட்டும் மின்னோட்டம் அதன் வழியே போகும். மோட்டார் பின்னோக்கிச் சுழலும். ஒரு சுவிட்சும் ஒரு டையோடும் சேர்ந்து மூன்று ரிங்கிட்டுகூட ஆகாது.

அந்த நால்வரும் இரண்டு மாதம் கழித்துத் தங்கள் ஆசிரியர் வழியாக எனக்கு ஒரு காணொளி அனுப்பினர். பேனாவின் உடலையே குழாயாக வைத்துத் திருகு அமைப்பைச் செய்திருந்தனர். பெட்டி நிறைய மணல். பிடியைத் தள்ளியதும் பெட்டி மெல்ல, மிக மெல்ல எழத் தொடங்கியது. பக்கத்தில் ஒருவன் வினாடிகளை எண்ணும் குரல் கேட்டது. "பன்னிரண்டு, பதின்மூன்று, பதினான்கு..." மணல் சரிந்து கொட்டியது, எல்லாரும் கத்தினர். பிடியிலிருந்து கையை எடுக்க யாருக்கும் நினைவில்லை. "பதினேழு" என்று எண்ணும்போது நட்டு கம்பியின் முனையைத் தாண்டிக் கழன்றது. பெட்டி 'டப்' என்று கீழே விழுந்தது.

சுவிட்சுகளை அடுத்த வாரம் பொருத்தப் போவதாக எழுதியிருந்தனர். கீல் உடைந்துவிட்டதாம், அதை ஐஸ்கிரீம் குச்சியால் ஒட்டியாயிற்றாம்.